எந்த புக் வாங்கலாம்? கணினிப் பாதுகாப்புத் தேர்வுகளின் குட்டி வரலாறு

செக்யூரிட்டி ப்ளஸ், சிஇஹெச் என்று வகுப்பில் பேச்சு வந்தாலே முதல் கேள்வி "எந்த புக் வாங்கலாம்?" என்பதுதான். தேர்வுக் கட்டணமே பல ஆயிரம் ரூபாய். தப்பான புத்தகத்தை நம்பினால் அதுவும் போச்சு. இந்தத் தேர்வுகளின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பதில் தானாகக் கிடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேர்வும் புத்தகமும் சேர்ந்தே வளர்ந்த கதை நம் மதுரையிலேயே உண்டு. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் இங்கே தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். மதுரைக்குப் பேச வந்த இடத்தில் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டாராம், கிடைக்கவில்லையாம். அந்த வருத்தத்தில்தான் சங்கம் பிறந்தது என்று சொல்வார்கள். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று சங்கம் படிப்படியாகத் தேர்வுகள் நடத்தியது. கூடவே நூலகமும் அச்சகமும் வைத்தது. 1902-ல் 'செந்தமிழ்' இதழும் வந்தது. தேர்வு வைப்பவரே புத்தகத்துக்கும் வழி செய்தார். அங்கே பழைய பதிப்பு என்ற பயமும் இல்லை. நன்னூல் அன்றும் நன்னூல், இன்றும் நன்னூல்!

கணினிப் பாதுகாப்பில் அப்படி இல்லை. 1983-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு விதிநூல் வெளியிட்டது. அட்டை ஆரஞ்சு நிறம் என்பதால் பெயரே 'ஆரஞ்சு புக்' ஆகிவிட்டது. 1989-ல் ஐஎஸ்சி ஸ்கொயர்ட் என்ற அமைப்பு உருவாகி, 1994-ல் சிஐஎஸ்எஸ்பி சான்றிதழைக் கொண்டுவந்தது. காம்ப்டியாவின் செக்யூரிட்டி ப்ளஸ் 2002-ல் வந்தது, சிஇஹெச் 2003-ல். 2005-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, தன் கணினிப் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்களுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்றது. அதன் பிறகு இந்தத் தேர்வுகளுக்கு மவுசு கூடியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் இந்த வழிகாட்டிப் புத்தகங்களுக்கு ஆயுள் குறைவு. செக்யூரிட்டி ப்ளஸ் சுமார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. 2017-ல் 501, 2020-ல் 601, 2023 நவம்பரில் 701. 601 தேர்வு 2024 ஜூலையோடு முடிந்துவிட்டது. 601-ல் 'ஆபரேஷன்ஸ்' பகுதிக்கு 16 சதவீதம்தான். 701-ல் 'செக்யூரிட்டி ஆபரேஷன்ஸ்' மட்டும் 28 சதவீதம். பழைய புத்தகம் பாதி விலைக்குக் கிடைக்கும்தான். ஆனால் எதை அதிகம் படிப்பது என்ற கணக்கே அதில் தப்பாகிவிடும்.

மதிப்பெண்ணோடு போனால் பரவாயில்லை, பாடமே மாறியிருக்கிறது. பாஸ்வேர்டை 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் பழைய புத்தகங்கள் உண்டு. காரணமில்லாமல் அப்படி மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2017-ல் சொல்லிவிட்டது. எஸ்ஹெச்ஏ-1 என்ற ஹாஷ் முறையும் அப்படித்தான். ஒரே ஹாஷ் தரும் இரண்டு வெவ்வேறு கோப்புகளை 2017-ல் கூகுளும் நெதர்லாந்தின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் உருவாக்கிக் காட்டிவிட்டன.

இன்னொரு குறையும் உண்டு. இவை பெரும்பாலும் அமெரிக்கப் புத்தகங்கள். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 எல்லாம் அவற்றில் கிடைப்பது அரிது. சைபர் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. இங்கே வேலைக்குப் போகிறவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

அப்படியென்றால் இந்தத் துறையில் நன்னூலே கிடையாதா? உண்டு. ரகசியம் சாவியில் இருக்க வேண்டும், பூட்டின் அமைப்பில் அல்ல என்று கெர்க்காஃப் 1883-லேயே எழுதினார். ஒருவருக்கு வேலைக்குத் தேவையான அளவுக்குமேல் அனுமதி கொடுக்காதே என்பது 1975-ல் சால்ட்சரும் ஷ்ரோடரும் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சனின் 'செக்யூரிட்டி இன்ஜினியரிங்' 2001-ல் வந்தது, மூன்றாம் பதிப்பு 2020-ல். அவர் 2024-ல் காலமானார். முதல் இரண்டு பதிப்புகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருந்தார்.

ஆகவே என் சிபாரிசு இதுதான். முதலில் தேர்வு நடத்தும் அமைப்பின் தளத்தில் பாடத்திட்டத்தை இறக்கிக்கொள்ளுங்கள், அது இலவசம். அந்தத் தேர்வு எண் அட்டையில் அச்சாகியிருக்கும் வழிகாட்டி ஒன்று மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். நீங்கள் எழுதும் நாள்வரை அந்த எண் உயிரோடு இருக்குமா என்றும் பாருங்கள். அடிப்படைக்கு ஆண்டர்சன், சட்டத்துக்கு செர்ட்-இன் தளம். 2023 ஜூலையில் நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் பர்ஸைத் திறக்கலாம்.

வழிகாட்டி தேர்வோடு முடிந்துவிடும். அடிப்படை நூல்தான் வேலையில் கடைசிவரை கூட வரும்.