பவளம் வந்த வழி

செவ்வாய்க்கு மோதிரம் போட ஜொகூர் பாரு நகைக்கடைகளில் கேட்டு வாங்கும் பவளம் ஜொகூர் கடலில் விளைவதில்லை. மெர்சிங்கில் படகேறினால் ரவா, சீபு, திங்கி என்று தீவுக்குத் தீவு பவளப்பாறைதான். ஆனால் அவை வெயில் படும் ஆழமற்ற நீரில் வளர்பவை. காய்ந்தால் வெளுத்துத் துளைதுளையாக நிற்கும், மெருகு ஏறாது. நகைக்கு உகந்த செம்பவளம் வேறு இனம். மத்திய தரைக்கடலில், வெளிச்சம் மங்கிய பாறை இடுக்குகளில், ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூடப் பருக்காமல் வளர்கிறது.

அது நம் பக்கம் வரத் தொடங்கி இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இந்திய முத்துக்கு ரோமானியர் ஏங்குவதுபோல் இந்தியர் பவளத்துக்கு ஏங்குகிறார்கள், அதனால் விளையும் இடத்திலேயே அது அரிதாகிவிட்டது என்று முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். ஏறக்குறைய அதே காலத்துக் கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளஸ், மிளகு ஏற்ற வந்த கப்பல்கள் முசிறியில் இறக்கிய சரக்குகளில் பவளத்தையும் சொல்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து, தஞ்சைப் பெரிய கோயிலின் நகைகளைப் பதிவு செய்த கல்வெட்டுகளிலும் பவளம் இருக்கிறது.

இவ்வளவு தூரம் அதைக் கொண்டுவந்தது அதன் மென்மைதான் என்பேன். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, பவளம் 3 முதல் 4 வரை. சின்ன அரமும் கைத்துரப்பணமும் இருந்தால் எந்த ஊர்க் கைவினைஞரும் அதை மணியாக்கிவிடலாம். காய்ந்த கிளை அழுகாது, மாதக்கணக்கில் கப்பலில் கிடந்தாலும் கெடாது.

1540களில் துனீசியக் கரையை ஒட்டிய தபர்க்கா தீவில் பவளம் எடுக்கும் உரிமை ஜெனோவாவின் லொமெல்லினி குடும்பத்துக்குக் கிடைத்தது. பிறகு இத்தாலியத் துறைமுகமான லிவோர்னோவின் யூத வணிகர்கள் கோவாவுக்குப் பவளம் அனுப்பி வைரம் வாங்கினார்கள். நேரில் பார்த்தறியாத இந்து வணிகர்களோடு கடிதத்தை நம்பி நடந்த வியாபாரம் அது! லண்டன் யூதர்கள் அதே பண்டமாற்றைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். 1688இல் அமைந்த சென்னை மாநகராட்சியின் 12 ஆல்டர்மேன்களில் (மன்ற உறுப்பினர்களில்) மூவர் யூதர்கள். ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு இன்றும் இந்த வணிகத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னாளில் அத்தெருவில் குடியேறிய நாட்டுக்கோட்டை நகரத்தார்தான் மலாயாவுக்கும் போய், ஜொகூரின் மூவார் வரை வட்டித்தொழில் செய்தார்கள். தாலியில் பொன்மணிக்கு இடையே பவளம் கோக்கும் தெலுங்குக் குடும்பங்களும் மலாயாத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தன.

1875இல் சிசிலியின் ஷாக்கா அருகே கடலடியில் உதிர்ந்து குவிந்த பவளத் திட்டு ஒன்று தற்செயலாக அகப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் இன்னும் இரண்டு. சந்தையில் பவளம் மலிந்து விலை சரிந்தது. அதே காலத்தில் ஜப்பானிலும் கதவு திறந்தது. தோசா பகுதிப் பிரபுக்கள் பவளம் எடுக்க விதித்திருந்த தடை மெய்ஜி ஆட்சியில் நீங்க, இத்தாலிய வணிகர்கள் அங்கும் போய் வாங்கினார்கள். அடுத்துத் தைவான். வலைகள் கடலடியை அவ்வளவு வாரியபின், 2008இல் சீனா நான்கு பசிபிக் இனங்களைச் சர்வதேச வணிகக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. எல்லாச் செம்பவள இனங்களுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்ற முன்மொழிவு 2010இல் அழிந்துவரும் உயிரினங்களுக்கான சர்வதேச வணிக உடன்படிக்கையின் தோஹா கூட்டத்தில் தோற்றது. எனக்கு அது இன்றும் வருத்தம்.

சரக்கு அரிதானால் போலி பெருகும். கண்ணாடி, பிளாஸ்டிக், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிவப்புச் சாயம் ஏற்றிய மூங்கில் பவளம் என்ற வேறு பவள இனம். எலுமிச்சைச் சாறு விட்டால் பொங்குவதுதான் அசல் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். மூங்கில் பவளமும் கால்சியம் கார்பனேட்தான், அதுவும் பொங்கும். அசலாக இருந்தாலோ, அந்த ஒரு சொட்டு மெருகை அரித்துவிடும். உருப்பெருக்கியில் மணியின் துளையைப் பாருங்கள்: சாயமிட்டதில் நிறம் அங்கே திட்டாகத் தேங்கியிருக்கும். அசல் பவளத்தில் மெல்லிய இணைகோடுகள் ஓடும், கண்ணாடியில் குமிழிகள் தெரியும்.

ஜொகூர் வெக்கையில் வியர்வையும் வாசனைத் திரவியமும் பவளத்துக்கு எதிரிகள். விளக்கு துலக்கும் புளித்தண்ணீர் பக்கத்திலேயே வரக்கூடாது. உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம்; தூசியில் இருக்கும் மணல் துகளின் கடினம் 7, அதுவே கீறிவிடும். ஈரப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, மற்ற நகைகளோடு உரசாமல் தனிப் பையில் வையுங்கள். பாட்டி காலத்து மாலை மங்கியிருந்தால் கல் பட்டை தீட்டுபவரிடம் கொடுத்து மெருகேற்றலாம், நூலையும் அப்போதே மாற்றிவிடலாம்.