காவியைக் களைந்த பின்

புனேயில் ஃபெர்குசன் கல்லூரியைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். 1912 முதல் சில ஆண்டுகள் அங்கே பாலி மொழி கற்பித்தவர் தர்மானந்த கோசாம்பி. கோவாக்காரர், 1902-இல் இலங்கையில் பிக்குவானவர். சென்னையில் நம் சிங்காரவேலரோடு பழகியவர். (பின்னாளில் கம்யூனிஸ்டான அதே சிங்காரவேலர்தான், அப்போது பௌத்தர்!)

புனேக்கு வேலைக்கு வரும்முன்பே காவியைக் களைந்துவிட்டார். பின்னர் 1930-இல், 53 வயதில், உப்புச் சத்தியாகிரகத்தில் இறங்கிச் சிறை சென்றார். பர்மாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த பிக்கு உத்தமா காவியோடு சிறை புகுந்தவர், இவர் காவியின்றி. என் கணக்கில் இருவரும் ஒரே கட்சி.

1947 ஜூன் 4 அன்று சேவாகிராமத்தில் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். மகன் டி.டி.கோசாம்பியின் வரலாற்று நூல்களைத் தேடிப் படிக்கும் நண்பர்களே, அப்பாவின் தன்வரலாறான ‘நிவேதன்’ நூலையும் ஒருமுறை படியுங்கள்.