பாட்டும் பலகையும்: யூரோவிஷன் போட்டியின் தேர்வுமுறை வரலாறு

ஒரு பாடல் நன்று என உணர்தல் எவர்க்கும் எளிது. அதனினும் இது நன்று என்று ஓர் அவை கூடி முடிவு கட்டுதல் அரிது. தகுதியுடைய புலவர்க்கு மட்டும் இடம் விரித்துக் கொடுத்த சங்கப்பலகையைப் பற்றிய கதையைப் புனைந்த தமிழ் முன்னோர், அத்தீர்ப்பை மாந்தர் கையில் விடாமல் பலகையின் கையிலேயே விட்டுவிட்டனர். அப்படியொரு பலகை வாய்க்காத ஐரோப்பியர், 1956 ஆம் ஆண்டு முதல் தமக்கென ஒரு பலகையைச் செய்துகொள்வதும், அதில் கோணல் கண்டு செதுக்குவதும், பின்னர் வேறொன்று செய்வதுமாக இருந்து வருகின்றனர். யூரோவிஷன் பாட்டுப்போட்டி என வழங்கும் அவ்விழாவின் வரலாறு, பாடகர்களின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. தேர்ந்தெடுத்தவர்களின் வரலாறாகவும், எந்த மொழியில் பாடலாம் என்று விதித்தவர்களின் வரலாறாகவும் அதனைப் படித்தால் வேறு செய்திகள் புலப்படும்.

போருக்குப் பின் 1950 இல் தோன்றிய ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம், நாடுகளின் தொலைக்காட்சி நிலையங்களை ஒன்றோடொன்று இணைக்க முயன்றது. எல்லைகளைக் கடந்து ஒரே நேரத்தில் ஒரே காட்சியை அனுப்ப முடியுமா என்பதே அன்றைய பொறியாளர்களின் கவலை. சுவிட்சர்லாந்து நாட்டவரான மார்செல் பெசான்சோன், 1955 இல் மொனாக்கோவில் கூடிய ஒன்றியத்தின் குழுவில் இதற்கொரு வழி கூறினார். இத்தாலியில் 1951 முதல் சான்ரெமோ நகரில் நடந்துவந்த பாடல் விழாவைப் போல ஐரோப்பா முழுமைக்கும் ஒன்று நடத்தலாம் என்பது அவ்வழி. அதே ஆண்டு அக்டோபரில் உரோமாபுரிக் கூட்டம் அதற்கு இசைவளித்தது. கம்பிகளையும் கோபுரங்களையும் சோதிக்கப் பிறந்த திட்டத்திற்குப் பாட்டு ஒரு சாக்காக அமைந்தது என்றே கொள்ளலாம்.

முதற்போட்டி 1956 மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் நடைபெற்றது. நாடுகள் ஏழு; நாட்டிற்கு இரண்டாகப் பாடல்கள் பதினான்கு. பெல்ஜியத்தின் பாடல்களுள் ஒன்று சேன் ஆற்றில் மூழ்கி இறந்தோரை விளித்துப் பாடியது. ஜெர்மானியப் பாடல்களுள் ஒன்றின் தலைப்பு, பெருமகிழ்ச்சிக்காகக் காத்திருப்போரின் அறை என்று பொருள்படும். இன்று அப்போட்டியை வெறும் ஒளிவிளையாட்டு என்று ஒதுக்குவோர் இத்தொடக்கத்தை நினைவிற்கொள்ளுதல் நலம். வென்றது சுவிட்சர்லாந்தின் லீஸ் அசியா பாடிய ‘ரெஃப்ரான்’. நாட்டிற்கு இருவராக நடுவர்கள் மறைவாக வாக்களித்தனர். தம் நாட்டுப் பாடலுக்கும் வாக்களிக்கலாம் என்பது விதி. லக்ஸம்பர்க் நடுவர்கள் வாராமையால் அவர்தம் வாக்குகளையும் சுவிஸ் நடுவர்களே அளித்தனர் என்பர். வென்ற பாடல் மட்டும் அறிவிக்கப்பட்டது. எந்தப் பாடல் எத்தனை வாக்குப் பெற்றது என்னும் கணக்கு வெளியிடப்படவே இல்லை.

மறு ஆண்டு பிராங்பர்ட்டில் இம்மறைவு நீங்கியது. நாட்டிற்குப் பத்து நடுவர், ஒவ்வொருவர்க்கும் ஒரு வாக்கு, தம் நாட்டிற்கு வாக்கில்லை, முடிவுகள் தொலைபேசியில் அனைவர் செவியிலும் விழும்படி உரைக்கப்படும், அவை பலகையில் எண்களாக ஏறும் என்று முறை வகுக்கப்பட்டது. பாட்டைக் கேட்பதைவிடப் பலகையைப் பார்ப்பதில் மக்கட்கு ஆர்வம் மிகுந்தது அன்றுதான். இத்தாலியப் பாடல் ஒன்று ஐந்து நிமிடங்களையும் கடந்து நீண்டதும் அவ்வாண்டுதான். மூன்று நிமிட வரம்பு அதன்பின் கண்டிப்பாயிற்று.

நடுவர் தீர்ப்புக்கும் காலத்தின் தீர்ப்புக்கும் உள்ள தொலைவு 1958 இலேயே வெளிப்பட்டது. ஹில்வர்சம் நகரில் இத்தாலியின் டொமெனிக்கோ மொதுன்யோ பாடிய, ‘வொலாரே’ என உலகம் அழைக்கும் பாடலுக்கு மூன்றாம் இடமே கிடைத்தது. மறு ஆண்டு அமெரிக்காவின் முதல் கிராமி விருது விழாவில் அதுவே ஆண்டின் சிறந்த பாடலாயிற்று. 1963 இல் வேறொரு வகைக் குறை நேர்ந்தது. நார்வே நடுவர் குழுவின் முடிவு முதலில் ஒருவகையாகச் சொல்லப்பட்டு, கணக்கு இன்னும் முடியவில்லை என நிறுத்தப்பட்டு, இறுதியில் மீண்டும் கேட்கப்பட்டபோது எண்கள் மாறியிருந்தன. அம்மாற்றத்தால் வெற்றி சுவிட்சர்லாந்தின் கையைவிட்டு நார்வேயின் அண்டை நாடான டென்மார்க்கிற்குச் சென்றது. 1969 இல் மாட்ரிட் நகரில் நிகழ்ந்தது நகைப்பிற்குரியது. ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்சு ஆகிய நான்கும் பதினெட்டுப் பதினெட்டு வாக்குகள் பெற்றன. சமநிலை வந்தால் என்செய்வது என்று விதியில் ஒரு வரியும் இல்லை. நால்வரும் வென்றனர் என அறிவிப்பதன்றி வேறு வழியில்லாமற் போயிற்று. மறு ஆண்டு நார்வே, சுவீடன், பின்லாந்து, போர்த்துகல் உள்ளிட்ட நாடுகள் போட்டிக்கு வரவில்லை.

1971 இல் நாட்டிற்கு இரு நடுவர், ஒருவர் இருபத்தைந்து வயதிற்கு மேற்பட்டவர், மற்றவர் உட்பட்டவர் என்று ஒரு முறை வந்தது. தலைமுறைகளைத் தராசில் நிறுத்தும் நல்லெண்ணம் போலும். மூன்றாண்டிற்குமேல் அது நிலைக்கவில்லை. 1975 இல் ஸ்டாக்ஹோமில் வந்ததே பன்னிரண்டு, பத்து, பின்னர் எட்டிலிருந்து ஒன்றுவரை என மதிப்பெண் வழங்கும் முறை. அதுவே இன்றளவும் நிற்கிறது. பத்துப் பாடல்களைப் புகழ்ந்து எஞ்சியவற்றிற்கு ஒன்றுமே சொல்லாமல் விடும் இம்முறையின் கொடுமையை 1978 இல் நார்வேயின் யான் டைகன் அனுபவித்தார். எந்நாட்டிலிருந்தும் ஒரு புள்ளியும் அவர்க்கு வரவில்லை. 1991 இல் சுவீடனும் பிரான்சும் 146 புள்ளிகளில் சமநின்றன. இருவர்க்கும் கிடைத்த பன்னிரண்டுகளும் சமமாகவே இருந்தமையால், பத்துகள் மிகுதியாகப் பெற்ற சுவீடன் வென்றது.

எண்களின் கதை இவ்வாறிருக்க, பாவலர் உன்னிப்பாக நோக்க வேண்டியது மொழியின் கதையே. தொடக்கத்தில் மொழி பற்றி விதியேதும் இல்லை. அவரவர் தம் மொழியில் பாடுவதே இயல்பெனக் கருதப்பட்டது. 1965 இல் சுவீடன் ஆங்கிலத்தில் பாடிற்று. உடனே மறு ஆண்டு முதல் சொந்த நாட்டு மொழியில்தான் பாடவேண்டும் என விதி எழுந்தது. 1973 இல் அது தளர்ந்தது. அத்தளர்வில்தான் 1974 இல் சுவீடனின் ஆபா குழு ‘வாட்டர்லூ’வை ஆங்கிலத்தில் பாடி வென்றது. 1977 இல் விதி திரும்பியது. 1999 இல் மீண்டும் நீங்கியது.

இவ்விதி சிறு மொழிகளைக் காத்ததா என்றால், முழுதும் அவ்வாறு சொல்வதற்கில்லை. 1977 முதல் 1998 வரை நடந்த இருபத்திரண்டு போட்டிகளுள் அயர்லாந்து ஆறிலும் பிரிட்டன் இரண்டிலும் வென்றன. எட்டும் ஆங்கிலப் பாடல்கள். பிறர்க்கெல்லாம் வேலியான விதி, ஆங்கிலம் பேசுவோர்க்கு வாயிலாயிற்று. விதி நீங்கிய பின்போ நிலைமை இன்னும் சுருங்கியது. 1999 முதல் 2025 வரை நடந்த இருபத்தாறு போட்டிகளில் ஆங்கிலம் கலவாமல் வென்றவை நான்கே: 2007 இல் செர்பியம், 2017 இல் போர்த்துகீசியம், 2021 இல் இத்தாலியம், 2022 இல் உக்ரைனியம்.

நாட்டின் மொழி என்னும் சொல்லே வழக்கிற்குரியது. லக்ஸம்பர்க் 1960 இல் தன் மண்ணின் மொழியில் பாடி ஒரே ஒரு வாக்குப் பெற்றுக் கடைசியில் நின்றது. அந்நாடு பெற்ற ஐந்து வெற்றிகளும் பிரெஞ்சு மொழிப் பாடல்களால் வந்தவை. ஸ்பெயினில் நேர்ந்தது இதனினும் கடுமையானது. 1968 இல் லண்டன் போட்டிக்கு ஜோன் மனுவேல் செர்ராத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தம் தாய்மொழியாகிய கத்தலானில் பாட அவர் விரும்பினார். ஃபிராங்கோவின் ஆட்சி அதற்கு இடங்கொடுக்கவில்லை. அவர் விலக, மசியேல் என்னும் பாடகி ஸ்பானிய மொழியில் அதே பாடலைப் பாடி ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் வென்றார். அப்பாடலின் பெயர் ‘லா, லா, லா’. எம்மொழிக்கும் சொந்தமல்லாத அசைகளை எம்மொழியில் பாடுவது என்பதற்காக ஒரு பாடகன் மேடையை இழந்தான் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிக்கிறது.

போர்த்துகலின் கதை தனியே சொல்லத் தக்கது. அந்நாடு முதன்முதல் பங்கேற்ற 1964 ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் மேடையில் ஒருவர் ஏறி, ஃபிராங்கோவையும் சலசாரையும் புறக்கணிக்குமாறு எழுதிய பதாகையைக் காட்டினார். போர்த்துகலின் பாடலுக்கு அன்று கிடைத்த வாக்கு சுழி. தணிக்கை நிலவிய அந்நாட்டில், ஐரோப்பிய மேடைக்கு ஒரு பாடலைத் தேர்ந்தெடுக்கும் உள்நாட்டு விழா, கவிஞர்க்கு ஒரு சிறு சாளரமாயிற்று. ஜோசே கார்லோஸ் ஆரி டோஸ் சாந்தோஸ் என்னும் கவிஞர் அவ்விழாவைத் தாழ்வாகக் கருதவில்லை. 1969, 1971, 1973, 1977 ஆகிய ஆண்டுகளில் அவர் எழுதிய பாடல்கள் தேர்வுபெற்று ஐரோப்பாவிற்குச் சென்றன. 1973 இல் அவர் எழுதியது எருதுச்சண்டையைப் பற்றிய பாடல். களத்தைக் காட்டி ஆட்சியாளரையும் அவரைச் சூழ்ந்த சமூகத்தையும் எள்ளுவது அதன் உட்பொருள். தணிக்கையாளர் கண்முன்னே அது தேர்வாகி மேடையேறிற்று. உவமை நன்கமைந்தால் காவலர் கண்ணுக்குப் புலப்படாது என்பதைப் புலவர் உலகம் எங்கும் அறிந்தே வைத்திருக்கிறது.

1974 ஏப்ரல் 6 அன்று பிரைட்டனில், ஆபா வென்ற அதே இரவில், போர்த்துகலின் பவுலோ டி கார்வால்யோ பாடியது பிரிவைப் பற்றிய மென்மையான காதற்பாட்டு. இயற்றியவர் ஜோசே நீசா. மூன்று புள்ளிகள் பெற்று, வேறு மூன்று நாடுகளோடு கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டது. பதினெட்டு நாட்கள் கழிந்தன. ஏப்ரல் 24 இரவு 10.55 மணிக்கு லிஸ்பன் வானொலி நிலையம் ஒன்று அப்பாடலை ஒலிபரப்பியது. எழுச்சிக்கு ஆயத்தமாகுமாறு படை அலுவலர்கள் தமக்குள் வைத்துக்கொண்ட முதற்குறிப்பு அது. எல்லார்க்கும் தெரிந்த, எவர்க்கும் ஐயமெழுப்பாத பாட்டு என்பதே அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். தடைக்குள்ளாகியிருந்த ஜோசே அஃபோன்சோவின் பாடலொன்று நள்ளிரவு கடந்து இரண்டாம் குறிப்பாக ஒலித்தது. விடிந்தபோது, நாற்பதாண்டுகளைக் கடந்து நின்ற வல்லாட்சி சரிந்துகொண்டிருந்தது. நடுவர்கள் அப்பாட்டிற்கு இட்ட மூன்று புள்ளியில் இதற்கு எந்தப் பொறுப்பும் இல்லைதான்.

1990 களில் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் வந்து குவிந்தபோது, மேடை போதாமல் முன்தேர்வு வேண்டியதாயிற்று. 1993 இல் ஏழு நாடுகள் லுப்லியானாவில் போட்டியிட, மூன்றுக்கு மட்டும் இடம் கிடைத்தது. அவற்றுள் ஒன்று போஸ்னியா. முற்றுகைக்குள்ளாகியிருந்த சரயேவோவிலிருந்து அந்நாட்டுக் குழுவினர் குண்டுவீச்சிடையே விமான ஓடுதளத்தை ஓடிக் கடந்து வெளியேறினர். போட்டி நடந்ததோ அயர்லாந்தில், ஏறத்தாழ 1,500 பேர் வாழும் மில்ஸ்ட்ரீட் என்னும் சிற்றூரின் குதிரையேற்ற அரங்கில். வாக்குகள் கேட்கப்பட்டபோது, இரைச்சல் மிகுந்த தொலைபேசி இணைப்பில் சரயேவோவின் குரல் எழ, அரங்கம் கைதட்டி ஆர்ப்பரித்தது. புள்ளிகளைப் பலகையில் ஏற்றுவதற்காக நிறுவப்பட்ட ஒரு தொலைபேசி முறை அதற்குமுன் அத்தகைய செய்தியைச் சுமந்ததில்லை.

1997 இல் ஐந்து நாடுகள் நடுவரை விலக்கிப் பொதுமக்களின் தொலைபேசி வாக்கைக் கொண்டன. பிற நாடுகளும் விரைவில் தொடர்ந்தன. அண்டை நாட்டார் அண்டை நாட்டார்க்கே வாக்களிக்கின்றனர் என்னும் முறையீடு வலுக்கவே, 2009 இறுதிப்போட்டியில் நடுவர் திரும்பினர். பாதி அவர்க்கு, பாதி மக்களுக்கு. இவ்விரு பாதிகளும் 2016 இல் தனித்தனியே அறிவிக்கப்பட்டபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. நடுவரிடம் ஆஸ்திரேலியா முதலிடம். மக்களிடம் இரசியா முதலிடம். இரண்டிலும் இரண்டாமிடம் பெற்ற உக்ரைன் கூட்டுத்தொகையில் வென்றது. ஜமாலா பாடிய அப்பாடல், 1944 இல் கிரிமியத் தாத்தார் மக்கள் நாடுகடத்தப்பட்டதைப் பற்றியது. 2025 இறுதியில் விதிகள் மீண்டும் மாறின. ஒருவர் அளிக்கக்கூடிய வாக்குகள் இருபதிலிருந்து பத்தாகக் குறைந்தன.

மேடையமைப்பும் தீர்ப்பின் ஒரு பகுதியே. 1998 வரை அரங்கில் இசைக்குழு இருந்தது. அடுத்த ஆண்டு முதல் பதிவுசெய்த இசைதான். முதன்மைக் குரல் மட்டும் நேரடியாக ஒலிக்க வேண்டும். மேடையில் அறுவர்க்குமேல் கூடாது. ஒரு பாட்டிற்கும் அடுத்த பாட்டிற்கும் இடையே சிறு படமொன்று ஓடும் ஒரு நிமிடத்திற்கும் குறைந்த நேரத்தில் முழு மேடையும் மாற்றப்படுகிறது. 2013 முதல் பாடும் வரிசையைச் சீட்டுக்குலுக்கல் அன்றித் தயாரிப்பாளரே முடிவுசெய்கின்றனர். இரண்டாவதாகப் பாடியவர் எவரும் 2025 வரை வென்றதில்லை என்பதை நோக்க, இது சிறு அதிகாரமன்று. நடுவர்கள் வாக்களிப்பதோ முந்தைய இரவின் ஒத்திகையைப் பார்த்து. கோடிக்கணக்கானோர் காணும் பாட்டும் நடுவர் தீர்த்த பாட்டும் ஒன்றல்ல.

2003 இல் பெல்ஜியக் குழு ஒன்று எந்நாட்டிலும் வழங்காத, தாமே புனைந்த மொழியில் பாடியது. ஆங்கிலத்தில் பாடிய துருக்கியிடம் இரண்டே புள்ளிகளில் அது தோற்றது. பதினான்கு ஆண்டுகள் கழித்துக் கீவ் நகரில் போர்த்துகலின் சல்வதோர் சோப்ரல், ஆடுவோரும் தீச்சுடரும் இன்றி, அவையோர் நடுவில் அமைந்த சிறு மேடையில் நின்று தம் மொழியில் பாடினார். பாடலை இயற்றியவர் அவர் தமக்கை லுயீசா. இதயநோயால் தம்பி முன்னரே வந்து சேர இயலாமையால், தொடக்க ஒத்திகைகளில் அவரே அவ்விடத்தில் நின்று பாடியிருந்தார். நடுவரும் மக்களும் ஒருசேர முதலிடம் அளிக்க, 758 புள்ளிகளுடன் அந்நாடு முதல் வெற்றியைக் கண்டது. மறு ஆண்டு போட்டியை லிஸ்பன் நடத்தியது. விருந்தளித்த போர்த்துகலின் பாடல் அவ்விறுதிப்போட்டியில் கடைசி இடம் பெற்றது.