சுங்கம் தவிர்த்தலும் சுங்கம் தப்பித்தலும்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வரும் நெடுஞ்சாலையில், கொள்ளிடத்திற்கு வடக்கே அமைந்தது சமயபுரம். மாரியம்மன் திருக்கோயிலால் நாடறிந்த இவ்வூருக்கு நம் நாட்டு வணிக வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. இன்று இவ்வூரின் பெயரால் ஒரு சுங்கச்சாவடி நெடுஞ்சாலையில் நிற்கிறது. வண்டியின் வகைக்கு ஏற்ற கட்டணம் அங்கே பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. வண்டி பெருநிறுவனத்தினுடையதாயினும் சிறு வணிகருடையதாயினும் ஒரே வகைக்கு ஒரே கட்டணம்தான். இத்தகைய பொதுவிதியே வணிக அறத்தின் அடித்தளம். அவ்விதியை ஒரு பெருநிறுவனம் தனக்கு மட்டும் வளைத்துக்கொண்டால் சிறு வணிகர் என்ன ஆவார் என்பதை இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட வரலாறு காட்டுகிறது.

சுங்கம் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பண்டங்களுக்குச் சோழரின் புலி இலச்சினை இட்டு வரி கொண்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக ‘உல்கு’ என்னும் சுங்கத்தைத் திருக்குறளும் எண்ணுகிறது. 1070-ஆம் ஆண்டில் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் புகழ்பெற்றான். அவன் தவிர்த்தது ஒரு வணிகனின் சுங்கத்தை அன்று, பொதுவாக வணிகர் செலுத்தி வந்த சுங்கத்தை. அதனாலேயே அச்செயல் கொடையாயிற்று.

இனி 1752-ஆம் ஆண்டுச் சமயபுரத்தைக் காண்போம். ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக முகம்மது அலியும் சந்தா சாகிபும் போரிட்டனர். முன்னவருக்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் பின்னவருக்குப் பிரெஞ்சுக் கம்பெனியும் துணை நின்றன. பிரெஞ்சுப் படை திருவரங்கத் தீவிற்குள் ஒதுங்கியது. புதுச்சேரியிலிருந்து அதற்கு உதவி வரும் வழியை அடைப்பதற்காக, இராபர்ட் கிளைவ் கொள்ளிடத்தைக் கடந்து சமயபுரத்தில் பாளையம் இறங்கினார். ஏப்ரல் மாதத்து இரவொன்றில் நடந்த திடீர்த் தாக்குதலில் அவர் உயிர் தப்பியது அரிது. சூன் மாதத்தில் பிரெஞ்சுப் படை திருவரங்கத்தில் சரணடைந்தது. வாணிகம் செய்ய வந்த நிறுவனம், யார் அரசாள்வது என்று முடிவு செய்யும் நிறுவனமாக இங்கே மாறத் தொடங்கியது. ஐந்தாண்டுகளில் அதே கிளைவ் வங்காளத்தில் பிளாசிப் போரை வென்றார்.

வங்காளத்தில் கம்பெனிக்கு ஒரு தனிச்சலுகை இருந்தது. 1717-இல் முகலாயப் பேரரசர் பரூக்சியார் அளித்த ஆணைப்படி, ஆண்டுக்கு 3,000 ரூபாய் செலுத்தினால் போதும். கம்பெனியின் பண்டங்களுக்குச் சுங்கம் இல்லை. ‘தஸ்தக்’ எனப்பட்ட அனுமதிச்சீட்டைக் காட்டினால் சாவடியில் படகும் வண்டியும் தடையின்றிச் செல்லும். கடல்கடந்த வாணிகத்திற்கு என நவாபுகள் கொண்டிருந்த அச்சலுகையைக் கம்பெனி ஊழியர்கள் தம் சொந்த வாணிகத்திற்குப் பயன்படுத்தினர். பிளாசிக்குப் பின் தடுப்பார் இல்லாமற் போகவே, உப்பு, பாக்கு, புகையிலை என உள்நாட்டுச் சரக்குகள் யாவும் தஸ்தக்கின் மறைவில் சென்றன. சீட்டைப் பணத்திற்கு விற்றவர்களும் உண்டு. தலைமுறை தலைமுறையாக அச்சரக்குகளை விற்றுவந்த உள்ளூர் வணிகர் ஒவ்வொரு சாவடியிலும் வரி கட்டினர். வரி கட்டியவரின் உப்பு விலை ஏறியது. கட்டாதவரின் உப்பு விற்றது. திறமையாலோ உழைப்பாலோ வந்த வெற்றியன்று அது; ஒரு தாளினால் வந்த வெற்றி.

1760-இல் நவாபு ஆன மீர் காசிம் இதனை எதிர்த்தார். 1762-இன் இறுதியில் ஆளுநர் வான்சிட்டார்ட்டு அவருடன் ஓர் உடன்பாடு கண்டார். ஆங்கிலேயர் தம் தனி வாணிகத்திற்கு 9 விழுக்காடு சுங்கம் செலுத்துவர் என்பது அதன் கருத்து. உள்நாட்டு வணிகர் செலுத்தியது அதனினும் மிகுதி. எனினும் கல்கத்தா ஆலோசனைக் குழு அவ்வுடன்பாட்டை ஏற்க மறுத்தது. குழுவினர் பலரும் அவ்வாணிகத்தில் ஆதாயம் கண்டவர்களே.

அதன்பின் மீர் காசிம் செய்ததுதான் நினைத்துப் பார்க்கத்தக்கது. 1763-இல் அவர் அனைவருக்கும் சுங்கத்தை நீக்கினார். கம்பெனியிடமிருந்து அவர் எதனையும் பறிக்கவில்லை. அதன் பண்டங்கள் முன்போலவே வரியின்றிச் சென்றன. மற்றவர்க்கும் அதே நிலையைத் தந்தார், அவ்வளவே. ஆயினும் குழு சினந்தது. உள்நாட்டு வணிகர் மீது வரி விதித்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தியது. வான்சிட்டார்ட்டும் வாரன் ஹேஸ்டிங்சும் மட்டுமே மாறுபட்டனர். வரிவிலக்கு என்று கம்பெனி போற்றியது உண்மையில் போட்டியாளர் மீது சுமத்திய வரியே என்பது அப்போது வெளிப்பட்டது. போர் மூண்டது. 1764-இல் பக்சாரில் மீர் காசிமின் அணி தோற்றது. 1765-இல் வங்காளத்தின் திவானி உரிமை கம்பெனியின் கைக்கு வந்தது. வரி தவிர்த்தவரே வரி தண்டுபவர் ஆயினர்.

இவ்வரலாற்றில் சமண சமூகத்தார் மறக்கலாகாத பகுதியும் உண்டு. முர்சிதாபாத்தின் ஜகத்சேட் குடும்பத்தார் ஓசுவால் சமணர். நவாபுகளுக்குக் கடன் அளித்த பெருஞ்செல்வர். 1757-இல் நவாபை மாற்றக் கம்பெனிக்குத் துணை நின்றவர்களுள் அவர்களும் இருந்தனர். 1763-இல் மீர் காசிமின் ஆணையால் ஜகத்சேட் மகதாப்ராயும் சுவரூப்சந்தும் கொல்லப்பட்டனர். 1772-இல் கருவூலம் கல்கத்தாவிற்குப் பெயர்ந்தபின் அக்குடும்பத்தின் பழம்பெருமை குன்றியது. துலாக்கோலை ஒருபக்கம் சாய்க்க உதவியவர்க்கும் அக்கோல் நிலையான துணை ஆகவில்லை.

திருச்சிராப்பள்ளியும் தப்பவில்லை. போருக்கு உதவிய கம்பெனியிடம் முகம்மது அலி கடனாளியானார். 1801-இல் கருநாடக ஆட்சி முழுவதும் கம்பெனியிடம் சென்றது. கடல்கடந்தும் இதே கதைதான். 1773-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கம்பெனித் தேயிலைக்கு மட்டும் வரிச்சலுகை தந்தபோது அமெரிக்க வணிகர் கொதித்தெழுந்தனர்; பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கடலில் வீசப்பட்டன.

இன்று தஸ்தக் இல்லை. ஆனால் அதன் வேலையைச் செய்யும் ஏற்பாடுகள் உள்ளன. பன்னாட்டு நிறுவனம் ஒன்று, தன் பெயரையும் தொழில்நுட்பத்தையும் வரி குறைந்த நாட்டிலுள்ள தன் கிளைக்கு உரிமையாக்கிவிட்டு, இங்கு ஈட்டும் ஆதாயத்தை உரிமைத்தொகை என்று அங்கு அனுப்பலாம். 2007-இல் வோடஃபோன், ஹட்சிசனின் இந்தியத் தொலைபேசித் தொழிலைக் கைக்கொண்டபோது, கைமாறியது கேமன் தீவுகளில் பதிவான ஒரு நிறுவனத்தின் பங்கு. அதற்கு இங்கு வரி இல்லை என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே அரசு முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் அதனைக் கைவிட்டது. நடந்தபின் விதியை மாற்றுவதும் நடுவுநிலை ஆகாது என்பதையும் இங்குக் கருத வேண்டும். 2021 அக்டோபரில் 136 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் பெரும் பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தது 15 விழுக்காடு வரி என இசைந்தது ஒரு நற்றொடக்கம்.

சட்டத்தை மீறி வரி ஏய்த்தல் வேறு, சட்டத்திற்குள் நின்று வரி தவிர்த்தல் வேறு. ஆயின் திருச்சி பெரிய கடைவீதியில் கடை வைத்திருப்பவருக்குக் கேமன் தீவில் கிளை இல்லை. அவர்க்கு எட்டாத வழி சட்டப்படியானதாயினும் சமமானதன்று.

இல்லறத்தார்க்குரிய கள்ளாமை நோன்பின் குற்றங்களை உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. கள்ள எடை, கலப்படம் ஆகியவற்றோடு, அரசநெறிக்கு மாறாக வரம்பு கடந்து பொருளீட்டுவதையும் அது சேர்த்தே எண்ணுகிறது. எடைக்கல்லைக் குறைப்பவர் வாங்குபவரை வஞ்சிக்கிறார். பொதுச்சுமையிலிருந்து நழுவுபவர், அதனைச் சுமக்கும் பக்கத்துக் கடைக்காரரை வஞ்சிக்கிறார். சுங்கம் எல்லார்க்கும் தவிர்க்கப்படின் அது கொடை. வலியவர் ஒருவர்க்கு மட்டும் தவிர்க்கப்படின் அது எளியவர் மீது விழும் வரி.