சேமவச்சும் கப்பலின் தண்டும்

பண்டைத் தமிழகத்து உப்பு வணிகர், மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்துவிடுமோ என்று அஞ்சி, வேறோர் அச்சினை வண்டியின் அடியிற் கட்டிச் சென்றனர். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் சுட்டும் சேமவச்சு இதுவே. நிலத்தில் ஓடும் வண்டிக்கு இக்காவல் போதும். கடலில் ஓடும் நீராவிக் கப்பலுக்கு?

கப்பலின் பொறியறையிலிருந்து பின்புறத்துச் சுழல்விசிறி வரை செல்லும் தண்டு, கப்பலின் உடலை விட்டு வெளியேறுமிடத்தில் ஒரு தாங்கியின்மேல் சுழல்கின்றது. பட்டறையில் 'பேரிங்' என வழங்குவது இதுவே. விசிறியின் பாரம் பெரிதும் இதன்மேல் அமர்கின்றது. தொடக்கத்தில் இட்ட உலோகத் தாங்கிகள் விரைவில் தேய்ந்தன. 1854இல் ஜான் பென் என்னும் ஆங்கிலப் பொறியாளர், நீரில் மூழ்குமளவு கனமான லிக்னம் வைட்டே மரத்தைத் தாங்கியில் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கடல்நீரே அதற்கு மசகாயிற்று. எனினும் மரமும் தேயும். தேய்வு மிகுந்தால் தண்டு தாழும், அதிரும், நாளடைவில் முறியவும் கூடும். முறிந்தால் கப்பல் நடுக்கடலில் செயலற்று மிதக்க வேண்டியதுதான்.

இத்தாங்கியைக் காண்பதற்கு ஏற்ற இடம் உலர்துறை. சிங்கப்பூரின் புதுத்துறைமுகத்தில் 1859இல் முதல் உலர்துறை அமைந்தது. அத்துறைமுகமே 1900 முதல் கெப்பல் துறைமுகம் எனப்பட்டது. தஞ்சோங் பகாரில் 1868இல் விக்டோரியா துறையும், கெப்பலில் 1913இல் கிங்ஸ் துறையும், செம்பவாங் கடற்படைத் தளத்தில் 1938இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் துறையும் திறக்கப்பட்டன. துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் உழைத்தோருள் தமிழரும் மலையாளிகளும் பலர்.

துறையின் நீரை இறைத்தபின், தண்டின் மேற்பக்கத்துக்கும் தாங்கிக்கும் இடையேயுள்ள வெளியை ஆப்பினாலோ மென்தகடுகளினாலோ அளப்பர். நிலையான ஒரு குறியிலிருந்து அளவுகோலை உட்செலுத்தித் தண்டைத் தொட்டு, அது எவ்வளவு தாழ்ந்தது என்று காண்பதும் உண்டு. கண்ட அளவு ஏட்டில் பதியப்பெறும்.

ஓர் அளவு தனித்து நின்று மிகுதியாக எதையும் உணர்த்தாது. முந்தைய அளவோடு சேரும்போதே அது பொருள் தரும். இரண்டு ஆண்டில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்த தாங்கி, அடுத்த ஓராண்டிலேயே மேலும் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்ததாயின், தேய்வின் வேகம் இருமடங்காயிற்று என்பது தெளிவு. மணல் கலந்த நீரா, தண்டின் நேர்கோடு பிறழ்ந்ததா என்று அப்போது ஆராய வேண்டும். ஏடு தவறிய கப்பலில் இக்கேள்வி எழவே வழியில்லை.

செம்பவாங் கடற்படைத் தளத்தின் கப்பற்பட்டறை 1968இல் வாணிகக் கப்பற்பட்டறையாக மாறியது. எண்ணெயில் சுழலும் வெண்உலோகத் தாங்கிகள் இன்று பெருகிவிட்டன. அவற்றின் எண்ணெயைச் சோதித்து, அதில் வெள்ளீயம் மிகுந்தால் தாங்கி தேய்கின்றது என அறிகின்றனர். கருவி மாறினும் முறை மாறவில்லை: காலந்தோறும் அளத்தல், எழுதுதல், ஒப்பிடுதல். அடியிற் கட்டிச் செல்ல இயலாத கப்பலுக்கு, ஏட்டில் எழுதிய எண்ணே சேமவச்சு.