கேட்காமல் குத்திய ஊசியும் கையெழுத்துக் கேட்டு வந்த ஊசியும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2010ஆம் ஆண்டில் நம் நாட்டு இடைநிலைப் பள்ளிகளில் முதலாம் படிவம் பயின்ற 13 வயதுப் பெண் பிள்ளைகள் ஒரு பாரத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை உங்கள் மகளுக்குப் போடலாமா, வேண்டாமா என்று சுகாதார அமைச்சு அதில் பெற்றோரைக் கேட்டிருந்தது. ஊசி இலவசம். ஆனால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

அந்தப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். அது ஆண், பெண் உறவின் வழியாகப் பரவுவது. இந்தச் செய்தி தெரிந்ததும் பல கிறிஸ்துவப் பெற்றோரின் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. "என் மகளைக் கர்த்தருக்குப் பயந்தவளாக வளர்க்கிறேன். திருமணம் வரை அவள் தன்னைக் காத்துக்கொள்வாள். அவளுக்கு எதற்கு இந்த ஊசி? இதைப் போட்டால் தப்பு செய்ய நானே அனுமதி கொடுத்தது போல் ஆகாதா?"

இது கேலி செய்து ஒதுக்கிவிட வேண்டிய கேள்வி அன்று. பிள்ளையின் மேல் அக்கறை உள்ளவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். ஆகவே, வரலாற்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு இதற்கு விடை தேடுவோம். கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களிலிருந்தே தொடங்குவோம்.

நாகப்பட்டினம் முதல் கோல சிலாங்கூர் வரை

நம் முன்னோர் பலர் கப்பல் ஏறிய இடம் நாகப்பட்டினம். அதற்குப் பக்கத்தில்தான் வேளாங்கண்ணி இருக்கிறது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதன் பிறகும் 1938 வரை கங்காணிகள் வழியாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்களில் கத்தோலிக்கர் உண்டு, புரோட்டஸ்டண்டு சபையாரும் உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்து வந்த ஊர் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா. அங்குள்ள கத்தோலிக்க ஆலயம் வனத்துச் சின்னப்பர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த ஊருக்கு அருகில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் வாணிப முறையில் செம்பனை பயிரிட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம். துரை வெள்ளைக்காரர், தோட்டத்தின் பெயரோ தமிழ்.

கப்பல் ஏறுவதற்கு முன்பு முகாமில் ஆட்களை நிறுத்தி, மருத்துவச் சோதனை செய்து, பெரியம்மைக்குத் தடுப்பூசி போட்டார்கள். அதை "அம்மை குத்துதல்" என்று நம் மக்கள் சொன்னார்கள். மலாயாக் கரையிலும் தனிமை முகாம்கள் இருந்தன. குத்தலாமா என்று அங்கே யாரும் பாரம் நீட்டவில்லை. தோட்டத்தில் வேலை நிற்கக் கூடாது, ஆள் சாகக் கூடாது என்பதே கணக்கு. தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசர் கொடுத்ததைக் குடித்தோம், போட்ட ஊசியைப் போட்டுக்கொண்டோம்.

அந்த ஊசி நன்மையே செய்தது. பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவித்தார்கள். ஆனால் நம்மைக் கேட்டுச் செய்யும் வழக்கம் மட்டும் அன்று இல்லை. 2010இல் வந்த பாரத்தை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பாட்டனுக்கும் பாட்டிக்கும் கிடைக்காத ஓர் உரிமை, மகளைப் பற்றி முடிவெடுக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் கிடைத்திருக்கிறது.

யாரும் கேட்காத கேள்வி

பின்னாளில் வேறு ஊசிகளும் வந்தன. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி 1961இல் நாடு முழுவதும் போடப்பட்டது. பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு ரூபெல்லா ஊசி 1980களில் வந்தது. பிற்காலத்தில் அவர்கள் தாயாகும்போது வயிற்றில் உள்ள குழந்தையைக் காப்பதற்காகப் போட்ட ஊசி அது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தாய்மையைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று யாரும் சண்டைக்கு வரவில்லை.

1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி ஊசி போடுகிறார்கள். அந்த வைரஸும் உடலுறவால் பரவக்கூடியதே. இரத்தத்தாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் அது பரவும். தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் ஒழுக்கத்தைப் பற்றி எந்தப் பெற்றோரும் கவலைப்படவில்லை. அப்படியிருக்க, 13 வயதுப் பெண் பிள்ளையின் கையில் ஊசி ஏறும்போது மட்டும் அவளுடைய நடத்தை ஏன் விசாரணைக்கு வருகிறது? ஊசியைவிட நம் மனத்தில் உள்ள அச்சமே இங்கே பெரிதாக நிற்கிறது.

வெரோனா நகரத்துக் கன்னியாஸ்திரீகள்

இந்த நோயின் வரலாற்றில் கிறிஸ்துவர்கள் அறிய வேண்டிய பக்கம் ஒன்று உண்டு. 1842ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு மருத்துவர் ரிகோனி ஸ்டெர்ன், வெரோனா நகரத்தில் 1760 முதல் 1839 வரை பதிவான மரணங்களை ஆராய்ந்தார். கருப்பைப் புற்றுநோய் கன்னியாஸ்திரீகளிடையே மிக அரிதாக இருந்தது. மணமான பெண்களும் விதவைகளுமே அந்த நோயால் அதிகம் இறந்திருந்தார்கள்.

"அப்படியானால் கற்பு காக்கிறது என்றுதானே அர்த்தம்?" என்று கேட்கலாம். வாழ்நாள் முழுவதும் துறவறம் பூண்டவர்களை அது காத்தது உண்மை. ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இல்லறத்துக்குப் போகிறவர்கள். வெரோனாவில் இறந்த பெண்களைத் தவறான வழியில் போனவர்கள் என்று அந்தப் பதிவு சொல்லவில்லை. அவர்கள் மனைவிமார்கள்.

எச்.பி.வி.க்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தவர் ஜெர்மனியின் ஹரால்ட் ஸுர் ஹவுசன். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸில் பல வகைகள் உண்டு. அவற்றில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே ஏறக்குறைய 70 விழுக்காடு கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். வைரஸ் தொற்றினாலும் பெரும்பாலோருக்கு அது தானே மறைந்துவிடும். மறையாமல் தங்கிவிட்டால், பெரும்பாலும் பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறக்கூடும்.

இதை வீட்டுக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். திருமணம் வரை தன்னைக் காத்துக்கொண்ட ஒரு பெண் 25 வயதில் மணம் முடிக்கிறாள். கணவருக்கு முன்பு வேறொரு தொடர்பு இருந்திருந்தால், தனக்கே தெரியாமல் அவர் அந்த வைரஸைக் கொண்டு வரக்கூடும். அவருக்கு வலி இல்லை, அடையாளம் இல்லை. 45 வயதில் அவளுக்கு நோய் வருகிறது. அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. வன்கொடுமைக்கு ஆளாகும் பெண்ணின் நிலையும் இதுவே. மகளின் ஒழுக்கத்துக்கு நாம் பொறுப்பேற்கலாம். நாளை வரப்போகும் மருமகனின் கடந்த காலத்துக்கு யார் பொறுப்பேற்பது?

சபைகள் சந்தித்த சோதனைகள்

கிறிஸ்துவ உலகம் தடுப்பு மருந்தை நினைத்துத் தயங்கியது இது முதல் முறை அன்று. 1721இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அம்மைப்பாலைக் கீறி ஏற்றும் முறையை ஆதரித்தவர் காட்டன் மாதர் என்ற போதகர். ஆத்திரம் கொண்ட யாரோ அவர் வீட்டுக்குள் வெடிகுண்டு வீசினார்கள். அடுத்த ஆண்டு லண்டனில் எட்மண்ட் மாஸி என்ற குருவானவர் அந்த முறை பாவம் என்று பிரசங்கம் செய்தார். நோய் கடவுள் தரும் சோதனை, அதைத் தடுப்பது அவர் சித்தத்தில் கைவைப்பது என்பது அவர் வாதம். இன்று போலியோ சொட்டு மருந்தைப் பற்றிப் பெரும்பாலான சபைகள் அப்படிப் பேசுவதில்லை.

எச்.பி.வி. ஊசி அமெரிக்காவில் 2006இல் அனுமதி பெற்றது. மறு ஆண்டு பிப்ரவரியில் டெக்சஸ் ஆளுநர் ரிக் பெரி அதைப் பள்ளி மாணவிகளுக்குக் கட்டாயமாக்க ஆணையிட்டார். அவருடைய சொந்தக் கட்சியினரும் கிறிஸ்துவக் குடும்ப அமைப்புகளும் எதிர்த்தார்கள். சட்டமன்றம் அந்த ஆணையை முறியடித்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி' போன்ற அமைப்பு ஊசியே கூடாது என்று சொல்லவில்லை. ஊசி கிடைக்கட்டும், கட்டாயம் வேண்டாம், முடிவு பெற்றோருடையது என்றே சொன்னது.

கனடாவின் கல்கரி நகரில் 2008இல் கத்தோலிக்கப் பள்ளி வாரியம் தன் பள்ளிகளுக்குள் இந்த ஊசியைப் போட இடம் தரவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2012இல், அதே வாரியம் அந்தத் தடையை நீக்கியது. பள்ளியில் போடாவிட்டால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே ஊசி கிடைக்காமல் போகும் என்று மருத்துவர்கள் எடுத்துச் சொன்ன வாதம் அந்த ஆண்டுகளில் ஓங்கி ஒலித்தது.

ஊசி போட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களா? இதையும் ஆராய்ந்தார்கள். அமெரிக்காவில் 11, 12 வயதுடைய 1,398 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 2012இல் வெளிவந்தது. கர்ப்பம், பால்வினை நோய், கருத்தடை ஆலோசனை ஆகிய மூன்றையும் மருத்துவப் பதிவுகளில் மூன்று ஆண்டுகள் வரை பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிள்ளையின் ஒழுக்கம் வீட்டில் வளர்வது. ஊசி அதைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

கத்தோலிக்கர் சிலருக்கு வேறொரு உறுத்தல் உண்டு. கருக்கலைப்பிலிருந்து பெற்ற உயிரணுக்களில் வளர்த்த ரூபெல்லா ஊசியைப் பற்றி 2005இல் வத்திக்கானின் வாழ்வுக்கான கழகம் விரிவாகப் பேசியது. எச்.பி.வி. ஊசிக்கு அந்தச் சிக்கல் இல்லை. இதன் ஒரு வகை ஈஸ்ட்டிலும் இன்னொரு வகை பூச்சியின் உயிரணுக்களிலும் தயாராகிறது. வைரஸின் வெளிக்கூடு போன்ற புரதம் மட்டுமே அதில் இருக்கிறது. நோயை உண்டாக்கும் மரபுப் பொருள் இல்லை.

கம்மம் கற்றுத் தந்த பாடம்

ஊசி நல்லது என்பதற்காகக் கேட்காமல் போடலாமா? கூடாது. 2009இல் இந்தியாவில் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏழு பெண் பிள்ளைகள் இறந்த செய்தி வெளியானதும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று விசாரணையில் தெரிய வந்தது. ஆனால் வேறோர் உண்மையும் வெளிப்பட்டது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013இல் இந்திய நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

ஏழை வீட்டுப் பிள்ளைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம் நம் தோட்ட வரலாற்றிலும் இருந்ததே. கம்மத்தில் நேர்ந்த தீங்கு நம்பிக்கை உடைந்தது. நம்பிக்கை உடைந்த இடத்தில் நல்ல ஊசியும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

இன்றைய நிலை

மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தகர், மின்யாக் என்று வட சிலாங்கூர்த் தோட்டங்களின் பெயர்களை இன்று சொன்னால் வீட்டுப் பிரச்சினைதான் நினைவுக்கு வரும். தோட்டம் கைமாறியது, தோட்ட ஆஸ்பத்திரி மறைந்தது, டிரெசரும் இல்லை. குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்கு வீடுகளுக்கும் சிதறின. வீட்டு வாசலுக்கு வந்த மருத்துவம் போய், நாமே கிளினிக்கைத் தேடிப் போக வேண்டிய காலம் இது. வேலை நாளில் போக முடியாத தாய்மார்களுக்குப் பள்ளியில் போடும் ஊசி பெரிய உதவி.

நம் நாட்டில் மலாய்ப் பெண்களைவிட இந்தியப் பெண்களிடையே இந்தப் புற்றுநோயின் விகிதம் அதிகம். ஆகவே இது பக்கத்து வீட்டுப் பிரச்சினை அன்று.

ஊசியின் பலன் இப்போது தெளிவாகத் தெரிகிறது. 2020இல் வெளியான சுவீடன் ஆய்வு 16 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தது. 17 வயதுக்கு முன்பே ஊசி போட்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் 88 விழுக்காடு குறைந்திருந்தது. 2024இல் ஸ்காட்லாந்து வெளியிட்ட ஆய்வில், 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டவர்களில் ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை. நம் நாட்டில் மூன்று முறை போட்ட ஊசி 2015இல் இரண்டாகக் குறைந்தது. இளம் வயதினருக்கு ஒரு முறை போட்டாலும் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்டது.

ஊசி எல்லா வகை வைரஸையும் தடுத்துவிடாது. ஆகவே பிற்காலத்தில் பரிசோதனையும் வேண்டும். கை வலி, வீக்கம், சிலருக்கு மயக்கம் வரலாம். வேறு ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். வைரஸ் தொற்றுவதற்கு முன்பு போட்டால்தான் முழுப் பலன் கிடைக்கும். சிறு வயதில் போடுவதன் காரணம் இதுதான். பிள்ளையின் மேல் உள்ள சந்தேகம் அல்ல.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பேப் ஸ்மியர் பரிசோதனை நம் நாட்டில் 1969 முதல் இருக்கிறது. வெட்கத்தால் போகாதவர்கள் பலர். 2018இல் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கிய 'ரோஸ்' திட்டத்தில், பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறை வந்தது. மகளுக்காகப் பாரத்தைப் படிக்கும் தாய், தன் உடலையும் மறந்துவிடக் கூடாது.

ஆகவே, பாரம் வந்தால் அதை மடித்துப் பைக்குள் வைக்காதீர்கள். மலாய்மொழி விளங்கவில்லை என்றால் மகளையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் கிளினிக் தாதியிடம் கேளுங்கள், போதகரிடமும் பேசுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஜெபித்து முடிவெடுங்கள். கற்பைப் பற்றி மகளிடம் பேச வேண்டியதையும் பேசுங்கள். மகனிடமும் அதையே பேசுங்கள். ஆனால் அந்தப் பேச்சுக்கு இந்த ஊசி எதிரியன்று. 'என் மகள் நல்லவள்' என்பது ஊசி வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது. நல்ல பெண்களும் இந்த நோயால் இறந்திருக்கிறார்கள்.

கேட்காமல் குத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இப்போது நம்மைக் கேட்கிறார்கள். அறிந்து பதில் சொல்வோம்.