கேட்டறிந்து சொன்ன நற்செய்தி: தரங்கம்பாடிக் கடிதங்கள் புகட்டும் பாடம்

நற்செய்தியை அறிவிப்பது திருச்சபையின் கடமை என்பதில் நம்மிடையே ஐயம் இல்லை. அதனை எவ்வாறு அறிவிப்பது என்னும் வினா எழும்போதுதான் நாம் இரு சாராராகப் பிரிந்துவிடுகிறோம். பிற சமயத்தாரின் கொள்கைகளை ஆராய்வதில் காலத்தைச் செலவிடாமல் கிறிஸ்துவை நேரடியாகப் பறைசாற்றுவதே நம் பணி என்பர் ஒரு சாரார். அடுத்தவர் சொல்வதைச் செவிமடுக்காமல் பேசுவது சான்று ஆகாது என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கு புதியதன்று. நம் நாட்டில் புராட்டஸ்டன்டு அருட்பணி தொடங்கிய தரங்கம்பாடியிலேயே, அதன் முதற் பதினைந்து ஆண்டுகளுக்குள், இது முழு வடிவில் எழுந்தது. அவ்வரலாற்றை ஆராய்வது இன்றைய நம் சிந்தனைக்குத் துணைபுரியும்.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியர் பெற்ற சிறு துறைமுகமே தரங்கம்பாடி. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயரும் ஹென்ரிக் புளூட்சோ ஐயரும் 1706 ஜூலை 9ஆம் நாள் அங்கு வந்து சேர்ந்தனர். சீகன்பால்குவுக்கு அப்போது வயது 23 மட்டுமே. கோட்டையிலிருந்த ஐரோப்பியர் பலருக்கும் அவர்களது வருகை உவப்பாக இல்லை. மொழி அறியாத சீகன்பால்கு, முதியவரான ஒரு தமிழ் ஆசிரியரின் திண்ணைப்பள்ளியைத் தம் இருப்பிடத்திற்கே வரவழைத்து, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிக் கற்றார். போதிக்க வந்தவர் முதலில் மாணாக்கரானார்.

எழுத்தோடு அவர் நின்றுவிடவில்லை. தம் எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பி ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கச் செய்தார். 1708இல் அவர் தொகுத்த நூற்பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்கள் குறிக்கப்பட்டுள்ளன. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய நூல்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழரை நாகரிகம் அற்றவர் என்று எண்ணி வந்த அவர், அவர்களுடைய நூல்களைக் கற்றபின், ஒழுங்கமைந்த கல்வியும் ஒழுக்க நெறியும் உடைய மக்கள் இவர்கள் என்று தம் நாட்டாருக்கு எழுதலானார்.

இம்முயற்சியின் அடுத்த படியே, ‘மலபார் கடிதங்கள்’ என வரலாற்றாசிரியர் வழங்கும் கடிதத் தொகுதி. தமிழரை ‘மலபாரியர்’ என்று அழைப்பது அக்கால ஐரோப்பியர் வழக்கு. 1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் அவருடைய உடனூழியரான கிருண்ட்லரும் கற்றறிந்த தமிழருக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினர். கடவுள், வழிபாடு, கல்வி, மருத்துவம், குடும்ப வழக்கங்கள் எனக் கேள்விகள் பலதிறப்பட்டன. விடையாக வந்த ஏறத்தாழ 100 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு 1714இலும் 1717இலும் ஹாலே நகரில் அச்சேறின.

இக்கடிதங்களின் சிறப்பு எதில் உள்ளது? தமிழர் கிறிஸ்தவத்தை ஏற்கத் தயங்குவது ஏன் என்ற கேள்வியையும் இவ்வூழியர்கள் அவர்களிடமே கேட்டனர். வந்த விடைகள் கசப்பானவை. கிறிஸ்தவர் பசுவைக் கொன்று உண்கின்றனர், மது அருந்துகின்றனர், உடல் தூய்மை பேணுவதில்லை, இத்தகையோரின் சமயம் எவ்வாறு உயர்ந்ததாகும் என்று அவர்கள் வினவினர். இவ்விடைகளுள் சில உணவு வழக்கத்தின் வேறுபாட்டால் எழுந்தவை. ஆனால் சில, கடற்கரைக் கோட்டைகளில் வாழ்ந்த ஐரோப்பியரின் ஒழுக்கத்தை நேரில் கண்டு கூறியவை. தம் இனத்தாரைக் குற்றம் சாட்டும் இச்சொற்களைச் சீகன்பால்கு மறைக்கவில்லை. பணியைத் தாங்கிய ஐரோப்பிய சபைகள் படிக்கும்படி அனுப்பி வைத்தார். பணியின் வெற்றியை மட்டும் கேட்க விரும்பும் ஆதரவாளருக்கு இத்தகைய கடிதங்களை அனுப்புவது எளிய செயலன்று.

அக்குற்றச்சாட்டின் உண்மையை அவரும் அறிந்திருந்தார். 1708இல் ஒரு தமிழ்க் கைம்பெண்ணின் கடன் வழக்கில் அவள் சார்பாகப் பேசியதைத் தொடர்ந்து எழுந்த பூசலில், கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவரைச் சிறையிலடைத்தார். நான்கு மாதங்களுக்குப் பின்பு, 1709இல்தான் அவர் விடுதலை பெற்றார். கிறிஸ்தவ அதிகாரியின் கையால் சிறைப்பட்ட கிறிஸ்தவ ஊழியர் என்பதால், கிறிஸ்துவின் பெயரும் கிறிஸ்தவ நாட்டின் ஆட்சியும் ஒன்றல்ல என்பதைத் தம் வாழ்வாலேயே காட்ட அவரால் இயன்றது.

இங்கு மற்றொருவரையும் நினைவுகூர்தல் வேண்டும். ஐரோப்பிய மொழிகள் பல அறிந்த அழகப்பன் என்பவர் சீகன்பால்குவுக்கு மொழிபெயர்ப்பாளராக விளங்கினார். இக்கடிதங்களில் பலவற்றை எழுதியவர் அவரே என்பது ஆய்வாளர் கருத்து. மிஷனெரிகளுக்குத் துணைநின்றமையால் அவர் இன்னல்கள் பலவற்றை அடைந்தார், ஆயினும் கிறிஸ்தவராகவில்லை. திருமுழுக்குப் பெற்றோரின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் ஊழியத்தை அளப்போமாயின், அழகப்பனின் பெயர் நம் வரலாற்றில் இடம்பெறாது. ஆனால், அவரின்றி அவ்வூழியமே இல்லை.

சீகன்பால்குவை இக்காலத்துச் சமய உரையாடலின் முன்னோடி என்று மட்டும் புகழ்ந்துவிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1713இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அவர் வெளியிட்ட முதல் வெளியீடுகளுள் ஒன்று, அக்கியானம் அருவருக்கத்தக்கது என்று தலைப்பிலேயே கூறும் சிறு நூல். அதே 1713இல்தான் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபை விளக்கும் பெருநூலையும் எழுதி முடித்தார். ஒன்று கடிந்து கூறுகிறது. மற்றொன்று, தமிழர் தாமே கூறியவற்றையும் தம் நூல்களில் எழுதியவற்றையும் பொறுமையுடன் பதிவு செய்கிறது. இரண்டையும் எழுதியது ஒரே கை. கேட்டறிதல் அவருடைய கொள்கையை முற்றிலும் மாற்றிவிடவில்லை. எனினும், தாம் மறுக்க விரும்பியவரைப் பற்றிப் பொய்யுரைக்க இயலாதபடி அது அவரைக் கட்டுப்படுத்தியது.

அப்பெருநூலை அவர் ஹாலேக்கு அனுப்பினார். அங்கு அவருடைய ஆசான் பிராங்கே அதனை அச்சிட இசையவில்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பதே அங்கிருந்தோரின் எண்ணம். 150 ஆண்டுகளுக்கு மேல் முடங்கிக் கிடந்த அந்நூல், 1867இல் கெர்மன் என்னும் மிஷனெரியால் சென்னையில் பதிப்பிக்கப்பட்டது. கோப்பன்ஹேகனிலிருந்த மிஷன் சங்கச் செயலரான வெண்ட் என்பவரோ, ஆலயங்களும் பள்ளிகளும் கட்டுவதை விடுத்து, அப்போஸ்தலரைப் போல் ஊர் ஊராகச் சென்று பிரசங்கித்தால் போதும் என்று கடிந்து எழுதினார். அக்கண்டனத்தால் மனம் நொந்த சீகன்பால்கு, 1719 பிப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய அணுகுமுறை பயன் தந்ததா? தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சில் முழுமை பெற்றது. இந்திய மொழி ஒன்றில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு அதுவே. அதன் நடையை வீரமாமுனிவர் கடுமையாகக் குறை கூறினார். பின்வந்த பெப்ரீஷியஸ் ஐயர் அதனைத் திருத்தியமைத்தார். எனினும், வேதம் மக்கள் பேச்சுக்கு அண்மையில் நிற்க வேண்டும் என்ற அடித்தளம் அன்று இடப்பட்டது. 1733இல் கடலூரைச் சேர்ந்த ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றபோது, தமிழருக்கு நற்செய்தியைத் தமிழரே எடுத்துரைக்கும் காலம் பிறந்தது. ஒருமுறை பறைசாற்றிவிட்டுக் கடந்து சென்றிருந்தால் இவற்றுள் எதுவும் நிலைபெற்றிருக்காது.

பேதுரு தம் முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், நம்பிக்கைக்குரிய காரணத்தைக் கேட்போருக்குப் பதிலளிக்க ஆயத்தமாயிருக்கும்படி அறிவுறுத்துகிறார். பதில் என்பது கேள்வியை முன்னிட்டே பிறக்கும். அயலார் நம்மிடம் கேளாத கேள்விகளுக்கெல்லாம் உரத்த குரலில் பதிலளித்துவிட்டு, அவர்கள் மெய்யாகவே கேட்பவற்றைச் செவியில் வாங்காமலிருப்பது நம் கூட்டங்களிலும் கைப்பிரதிகளிலும் இன்றும் காணப்படும் குறை. நம் சபைகளைப் பற்றி, நம்மிடையே நிலவும் சாதிப் பிரிவினைகளையும் வழக்குகளையும் பற்றி, அவர்கள் என்ன நினைக்கின்றனர்? இதனை அவர்களிடமே கேட்டு, வரும் விடையை மறைக்காமல் நம் சபையாரின் முன்வைக்க எத்தனை ஆயர்கள் துணிவர்?

மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் தரங்கம்பாடியில் இருவர் அதற்குத் துணிந்தனர். அவர்கள் பெற்ற விடைகள் அவர்களுக்குப் பெருமை சேர்க்கவில்லை. ஆயினும், அவ்விடைகளுக்குச் செவிசாய்த்தமையாலேயே அவர்கள் சொன்ன நற்செய்தி கேட்கத்தக்கதாயிற்று.